ஒரு சொட்டும் ஒழுகாத பட்டறை

எங்கள் தோட்டத்துப் பட்டறையில் எந்த டிராக்டரும் ஒழுகியதில்லை. டிராக்டர்களுக்கு வேர்த்தது. சில நாள் அவை கண்ணீர் விட்டன. நிலைமை மிகவும் மோசமானால் "அதுக்கு அவசரமா இருக்கு" என்று சொல்லப்பட்டது. நான் பக்கத்தில் இருந்தால், சொல்பவர் கொஞ்சம் கூச்சப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு சொல்வார்.

இந்த மூன்று தரங்களையும் வகுத்தவர் பட்டறையின் தலைமை மெக்கானிக். மலாய் மொழியில் தலையைக் கெப்பாலா என்பார்கள். தோட்டத்தில் எல்லாருக்கும் அவர் கெப்பாலாதான். நடுத்தர உயரம், எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, சட்டைப் பையில் எப்போதும் சலவை சோப்பு ஒரு துண்டு. அந்தச் சோப்பு கை கழுவ அல்ல. எண்ணெய்க் குழாயில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தால் அதில் தேய்த்து அடைப்பதற்கு. அவர் கை கழுவி நான் பார்த்ததில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். ஆயர் தாவார் என்ற ஊரிலிருந்து உள்ளே தள்ளியிருந்த தோட்டம். ரப்பர் மரங்களை வெட்டிவிட்டு, எண்ணெய் எடுக்கும் செம்பனை நட்டிருந்தார்கள். நான் ஈப்போ நகரத்தை ஒட்டிய சிலிபினில் வளர்ந்தவள். ஈப்போவில் இயந்திரவியல் டிப்ளோமா முடித்திருந்தேன். பட்டறைக்கு ஒரு பெண் உதவியாளர் வருகிறாள் என்ற செய்தி எனக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. கெப்பாலா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வா டிப்ளோமா. பசியாறிட்டியா?" என்றார். நான் அங்கே இருந்தவரை அதுவே என் பெயர்.

சாம்பல் நிறத்தில் மூன்று பழைய டிராக்டர்கள் வரிசையாக நின்றன. முதல் டிராக்டரின் பின்பக்கத்துக்கு அடியில், தரையில், கரிய எண்ணெய் ஒரு தாம்பாளம் அளவுக்குத் தேங்கியிருந்தது.

"அண்ணே, இது ஒழுகுதே" என்றேன்.

டிராக்டர் ஓட்டுபவர் கையிலிருந்த ஸ்பேனர் கீழே விழுந்தது. அவர் கெப்பாலாவின் தங்கை கணவர். கெப்பாலா அவரை மாப்ளே என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, தோட்டம் முழுவதற்கும் அவர் மாப்பிள்ளையாகிவிட்டிருந்தார்.

கெப்பாலா கோபப்படவில்லை. கெட்ட வார்த்தை பேசிய குழந்தையைத் திருத்துகிறவரைப் போல மெதுவாகச் சொன்னார்: "தங்கச்சி, நீ புதுசு. தெரியாம சொல்லிட்ட. இங்க எதுவும் அப்படி ஆகாதுலா. வேலை செய்யுற உடம்புக்கு வேர்க்கும். நாளைக்கு நீ வேலை செஞ்சா உனக்கும் வேர்க்கும். உன்னைப் பார்த்து யாராச்சும் அப்படிச் சொன்னா உனக்கு எப்படி இருக்கும்?"

எந்தப் புது இடத்துக்குப் போனாலும் அங்கே உள்ளதை மனத்துக்குள் வரிசைப்படுத்திக்கொள்வது என் வழக்கம். வேர்வையைக் கையாள அவரிடம் இருந்த சாதனங்களை அப்படித்தான் வரிசைப்படுத்தினேன். சோப்பு. பழைய சைக்கிள் டியூபை நாடாவாகக் கிழித்து வைத்த ஒரு கட்டு. பிஸ்கட் தகர டின்கள். மர ஆலையிலிருந்து சாக்கில் வாங்கி வந்த மரத்தூள். மனைவியின் பழைய வாயில் புடவை. காலையில் மானேஜர் சுற்றிவர வரும் முன்பு, டின்கள் டிராக்டருக்கு அடியிலிருந்து எடுக்கப்படும். தரையில் மரத்தூள் தூவப்படும். டின்னில் சேர்ந்த எண்ணெய் புடவையில் வடிகட்டி மறுபடியும் டிராக்டருக்கே ஊற்றப்படும். "எண்ணெய் எங்கயும் போகல டிப்ளோமா. காலாற வெளிய நடந்துட்டு வீட்டுக்குத் திரும்பி வருது, அவ்வளவுதான்."

மானேஜர் வருவார். மரத்தூளின் மேல் காலணி படாமல் கவனமாக நின்று, "எப்படி கெப்பாலா, ஏதாவது ஒழுகல்?" என்று கேட்பார்.

"ஒரு சொட்டு இல்ல சார்."

"நல்லது."

மானேஜர் முட்டாள் அல்ல. மரத்தூளை எதற்குப் போடுவார்கள் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் தலைமை அலுவலகம் ஒழுகலைப் பற்றித்தான் கேட்டது. மரத்தூளைப் பற்றிக் கேட்கவில்லை.

இதில் சிரிக்க நிறைய இருந்தது. நானும் சிரித்தேன். என்னைச் சிரிக்க விடாத ஒன்று மட்டும் டிராக்டரின் பின்புறத்தில் இருந்தது.

டிராக்டரின் பின்னால் இரண்டு இரும்புக் கைகள் உண்டு. கலப்பையையோ புல்வெட்டியையோ அவற்றில் மாட்டித் தூக்கலாம். தூக்குவது எண்ணெயின் அழுத்தம். உள்ளே ஒரு சிலிண்டர், அதில் ஒரு பிஸ்டன், பிஸ்டனைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம். அந்த வளையம் தேய்ந்தால் எண்ணெய் அதைத் தாண்டி நழுவும். எஞ்சின் ஓடும்வரை பம்பு புது எண்ணெயைத் தள்ளி ஈடுகட்டிக்கொண்டிருக்கும். எஞ்சினை நிறுத்தினால், தூக்கிய கைகள் யாருக்கும் தெரியாமல் மெல்ல இறங்க ஆரம்பிக்கும். எங்கள் முதல் டிராக்டரில் இறங்கின. கெப்பாலா இதற்கும் ஒரு சொல் வைத்திருந்தார்: உட்கார்றது. "ரொம்ப நேரம் நின்னா யாருக்கும் கால் வலிக்கும்லா. உட்காருது."

தோட்ட வீடுகளுக்கு மின்சாரம் வந்தபோது இந்த உட்கார்றது பெரும் புகழ் பெற்றது.

விளக்கைத் திறந்துவைக்க ஒரு பிரமுகர் வந்தார். மேடை போட மரம் வந்து சேரவில்லை. கெப்பாலா தயங்கவே இல்லை. முதல் டிராக்டரின் கைகளில் சாமான் ஏற்றும் பலகைப் பெட்டியை மாட்டி, அதற்குச் சிவப்புத் துணி சுற்றி, மாவிலை கட்டி, பிரமுகரை ஏற்றி, இடுப்புயரத்துக்குத் தூக்கிவிட்டார். பேச்சு கேட்கவேண்டும் என்பதற்காக எஞ்சினை நிறுத்தினார்கள்.

நான் கூட்டத்தில் கடைசியில் நின்றேன். பிரமுகர் தம் பாட்டனார் கப்பலேறி வந்த கதையைத் தொடங்கியபோது அவருடைய இடுப்புப் பட்டை என் கண்ணுக்குத் தெரிந்தது. பாட்டனார் பினாங்கில் இறங்கும்போது பட்டை தெரியவில்லை. காட்டை அழித்து ரப்பர் நட்டபோது சட்டையின் இரண்டாவது பித்தான்வரைதான் தெரிந்தது. பேரன் படித்து முன்னுக்கு வந்த கட்டத்தில், முன்வரிசைப் பெண்களின் கொண்டைப் பூவுக்கு மேல் அவருடைய முகம் மட்டும் மிதந்துகொண்டிருந்தது. அவரும் அப்போதுதான் உணர்ந்தார். ஒருகணம் கீழே பார்த்தார். பிறகு, நெடுநாள் மேடை கண்ட மனிதர் அல்லவா, குரலை உயர்த்தி, "நான் உயரத்தில் நிற்கப் பிறந்தவன் அல்ல! இதோ, உங்களில் ஒருவனாக இறங்கி வந்துவிட்டேன்!" என்றார்.

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. சில பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். இதை முன்கூட்டியே திட்டமிட்டது யார் என்று பிரமுகர் விசாரித்து, கெப்பாலாவுக்குப் பொன்னாடை போர்த்தினார்.

"பார்த்தியா டிப்ளோமா?" என்றார் கெப்பாலா, பொன்னாடையை மடித்துக்கொண்டே. "உட்கார வேண்டிய இடத்துல உட்கார்ந்துச்சு. அதுக்கே மரியாதை தெரியுது."

"அண்ணே, அந்த மேடைக்கு அடியில யாராச்சும் இருந்திருந்தா?"

"மேடைக்கு அடியில யாரு போவா?"

மேடைக்கு அடியில் யாரும் போகமாட்டார்கள். புல்வெட்டிக்கு அடியில் மாப்பிள்ளை தினமும் போனார்.

அந்தப் புல்வெட்டி ஒரு கட்டில் அகலத்துக்கு இரும்புப் பெட்டி. அடியில் கத்திகள் சுழலும். செம்பனை வரிசைகளில் ஓடும்போது கொடியும் பழைய கம்பியும் கத்தியில் சுற்றிக்கொள்ளும். மாப்பிள்ளை அதைத் தூக்கி நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு, மல்லாந்து படுத்து உள்ளே நகர்ந்து கம்பியை வெட்டி எடுப்பார். எஞ்சினை அணைப்பது சரி, கத்தி சுழலாது. ஆனால் எஞ்சினை அணைத்தால்தான் அது உட்காரும். "ஒரு கட்டையை அடியில முட்டுக் குடுங்க" என்று கெப்பாலாவிடம் எத்தனையோ முறை சொன்னேன். அவர் மற்ற எதற்கும் செவி கொடுப்பார், இதற்குக் கொடுக்கமாட்டார்.

"கட்டை வச்சா மானேஜர் பார்ப்பாரு. எதுக்குக் கட்டைன்னு கேப்பாரு. என்ன சொல்ல?"

"இறங்குதுன்னு சொல்லுங்க."

"ஏன் இறங்குதுன்னு கேப்பாரு."

"உள்ளுக்கு ரப்பர் தேஞ்சு போய் ஒழு…"

"டிப்ளோமா!" என்று கையை உயர்த்தினார். அங்கே நின்ற மாப்பிள்ளையிடம், "இந்தப் பிள்ளை இப்படியே பேசிக்கிட்டு இருந்தா நம்மள எல்லாம் தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்பிரும்லா" என்றார். மாப்பிள்ளை சிரித்தார். அடியில் போகிறவரே சிரித்தால் நான் என்ன செய்வது?

காரணத்தை எனக்குச் சொன்னதும் மாப்பிள்ளைதான். ஒருநாள் பசியாறும்போது, ரொட்டியைக் கோப்பியில் நனைத்துக்கொண்டு, வேறு யாருக்கோ நடந்ததுபோலச் சொன்னார். இருவரும் முன்பு வேறொரு ரப்பர் தோட்டத்தில் இருந்தார்கள். எழுபதுகளில். கெப்பாலா அப்போது சாதாரண மெக்கானிக். ஒருநாள் அங்கிருந்த துரை டிராக்டரைக் காட்டி என்ன என்று கேட்டார். கெப்பாலா நிமிர்ந்து நின்று, "ஒழுகுது சார்" என்றார். அந்த வாரமே டிராக்டரை விற்றார்கள். வேலையைக் குத்தகைக்காரனிடம் கொடுத்தார்கள். டிராக்டர் இல்லையென்றால் ஓட்டுபவர் எதற்கு? ஓட்டுபவர் இல்லையென்றால் அவருக்குத் தொழிலாளர் லயத்தில் வீடு எதற்கு? மாப்பிள்ளை குடும்பத்தோடு சாமான்களை லாரியில் ஏற்றினார்.

"அன்னையிலிருந்து அந்த வார்த்தை மச்சான் வாயில வராது தங்கச்சி. வீட்டுக் கூரை அப்படி ஆனாலும் மழை உள்ள வந்திருக்குன்னுதான் சொல்லுவாரு, விருந்தாளி வந்த மாதிரி."

ஆக, மாப்பிள்ளைக்கு வேலையும் வீடும் இருக்கவேண்டும் என்பதற்காகத்தான் டிராக்டர் ஒழுகவில்லை. டிராக்டர் ஒழுகவில்லை என்பதால்தான் மாப்பிள்ளை முட்டுக்கட்டை இல்லாமல் அதன் அடியில் படுத்தார். இந்த வட்டத்தை எந்த இடத்தில் வெட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை.

பிறகு கோலாலம்பூர் தலைமை அலுவலகத்திலிருந்து ஆய்வாளர் வந்தார். ஆண்டுக்கு ஒருமுறை வருகிறவர், வெள்ளைக்காரர், தமிழ் தெரியாது. பட்டறை முற்றம் முழுவதும் புது மரத்தூள். முதல் டிராக்டரில் புல்வெட்டி தூக்கி நிறுத்தப்பட்டிருந்தது. அது பளிச்சென்று தெரியவேண்டும் என்று கடைசி நேரத்தில் மாப்பிள்ளை கத்தியில் சுற்றிய கம்பியை எடுக்க அடியில் போயிருந்தார். முழங்காலுக்குக் கீழே மட்டும் வெளியே தெரிந்தது. மானேஜரும் ஆய்வாளரும் எதிரே நின்றார்கள். நான் முற்றத்தின் மறுகோடியில், கடைசி டிராக்டருக்குப் பக்கத்தில் இருந்தேன்.

"ஒரு சொட்டு இல்ல சார்" என்று கெப்பாலா சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லும்போதே அவர் கண் புல்வெட்டியின் விளிம்புக்குப் போயிற்று. அந்த இறக்கத்தை நாள்தோறும் மறைத்துப் பழகியவர் அவர். எல்லாருக்கும் முன்னால் அதைப் பார்த்தவரும் அவரே. 'உட்காருது' என்று சொல்ல வழியில்லை; மேடை இறங்கிய நாளிலிருந்து அதன் அர்த்தம் மானேஜருக்கும் தெரியும்.

முகத்தில் சிரிப்பு மாறாமல், "மாப்ளே, வெளிய வா. வேர்க்குது" என்றார்.

அடியிலிருந்து பதில் வந்தது: "எனக்குந்தான் வேர்க்குது மச்சான். உள்ளுக்கு ஒரே வெக்கை. கொஞ்சந்தான் இருக்கு, முடிச்சிட்டு வாரேன்."

"ரொம்ப வேர்க்குதுடா!"

"அப்ப சட்டையைக் கழட்டுலா!"

எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஓட ஆரம்பித்தேன். ஆய்வாளர் கெப்பாலாவின் தோளில் கைவைத்து ஏதோ கேட்டார். கெப்பாலா அவர் பக்கம் திரும்பவில்லை.

"மாப்ளே, கண்ணீர்டா! கண்ணீர்!"

"ஏன், யாரு செத்தா?"

"அவசரம்! டேய், அவசரம்!"

"போயிட்டு வா மச்சான். நான் எங்க போயிடப்போறேன்?"

பல ஆண்டுகள் உழைத்துச் செய்த மூன்று சொற்களும் தீர்ந்துவிட்டன. விளிம்பு மாப்பிள்ளையின் வயிற்றைத் தொட்டிருக்கவேண்டும். "மச்சான், என்னமோ அமுக்குது" என்ற அவர் குரல் மாறியிருந்தது.

கெப்பாலா கத்தினார். தோட்டத்து அலுவலகம்வரை கேட்டது.

"ஒழுகுதுடா! ஒழுகுது! ஒழுகுது!"

கத்திக்கொண்டே, வேறு யாரையும் உட்கார விடாத தம் முக்காலியைத் தூக்கி விளிம்புக்கு அடியில் செருகினார். அதன் ஒரு கால் மளுக்கென்றது. ஆனால் கொஞ்சம் தாங்கியது. எஞ்சினைப் போட்டால் கைகள் மேலே எழும். ஆனால் கத்தியைச் சுழற்றும் விசையை மாப்பிள்ளை விலக்கியிருக்கிறாரா என்று யாருக்குத் தெரியும்? கெப்பாலா ஒரு காலைப் பிடித்தார், நான் ஒரு காலைப் பிடித்தேன். இழுத்தோம். சட்டை உள்ளேயே மாட்டிக்கொண்டது. மாப்பிள்ளை மட்டும் வெளியே வந்தார். முக்காலி உடைந்தது. புல்வெட்டி மரத்தூளின் மேல் அவசரமில்லாமல் உட்கார்ந்தது.

மாப்பிள்ளை வெற்று மேலோடு தரையில் கிடந்தார். வயிற்றின் குறுக்கே கோடு போட்டதுபோல் சிவந்திருந்தது. மூச்சு திரும்பியதும் அவர் முதலில் கேட்டது: "மச்சான், நீ இப்ப என்னமோ சொன்ன. என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல."

"இல்ல, சொன்ன. ஒழு…"

"வாயை மூடுலா" என்றார் கெப்பாலா. அவர் கன்னம் நனைந்திருந்தது. அவருடைய கணக்கில் அது இரண்டாம் தரம்.

ஆய்வாளர் மானேஜரைப் பார்த்து ஆங்கிலத்தில் கேட்டார்: "அந்த மனிதர் திரும்பத் திரும்ப ஒரு சொல்லைக் கத்தினாரே, என்ன அது?"

மானேஜர் மரத்தூளைப் பார்த்தார். பல ஆண்டுகளாகத் தலைமை அலுவலகத்துக்குத் தாம் சொல்லிவந்த பதிலை நினைத்துப் பார்த்திருக்கவேண்டும்.

"ஒழுங்கு, சார்" என்றார். "வேலையில் ஒழுங்கு வேண்டும் என்று வலியுறுத்துகிறார்."

ஆய்வாளர் வெகுவாக நெகிழ்ந்தார். ஆபத்தான நேரத்திலும் ஒழுங்கைப் பற்றியே நினைக்கும் ஒரு ஃபோர்மேனைத் தாம் வேறெங்கும் கண்டதில்லை என்றார். அவருக்குத் தகுந்த பரிசு கொடுக்கவேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

சில நாள் கழித்து மானேஜர் கெப்பாலாவைக் கூப்பிட்டு, கைக்கடிகாரம் வேண்டுமா, ரேடியோ வேண்டுமா என்று கேட்டார். கெப்பாலா என்னையும் உடன் அழைத்துப் போயிருந்தார்.

"ரப்பர் வளையம் வேணும் சார். அளவு டிப்ளோமாவுக்குத் தெரியும்."

"எதற்கு?"

"பரிசு சார். பரிசுக்குக் காரணம் கேப்பாங்களா?"

மானேஜர் கேட்கவில்லை. இரண்டு தலைமுறை ரப்பர் பால் எடுத்த தோட்டத்துக்கு, விரல் பருமன்கூட இல்லாத ரப்பர் வளையங்களை ஈப்போ கடையிலிருந்து பஸ்ஸில் வாங்கி வந்தோம். சங்கிலிக் கப்பியான செயின் பிளாக்கைக் கட்டி டிராக்டரின் பின்மூடியைத் தூக்கியபோது, பழைய வளையம் கருகிய முறுக்குபோலத் துண்டு துண்டாக வந்தது. கெப்பாலா ஒரு துண்டை உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தார். "இதுக்கா இம்புட்டு நாளா நான் மரியாதை கொடுத்தேன்?" என்றார். புது வளையத்துக்கு எண்ணெய் தடவி, அவரே பிஸ்டனில் பூட்டினார். மிச்ச வளையங்களை வெளிப்பக்கத்து மூட்டுகளுக்குப் போட்டோம். மறுநாள் காலையில் பிஸ்கட் டின் காலியாக இருந்தது. அவர் அதைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தார். பழக்கதோஷத்தில் மரத்தூளும் தூவினார்.

மானேஜர் தம் பங்குக்கு, பட்டறைச் சுவரில் 'ஒழுங்கு' என்று பெரிய எழுத்தில் எழுத ஏற்பாடு செய்தார். ஆயர் தாவாரிலிருந்து சீனப் பெயின்டர் வந்தார். அலுவலகக் கணக்கரான கிராணி தாளில் எழுதிக் கொடுத்ததைப் பார்த்து, சித்திரம் வரைவதுபோல மிக அழகாக வரைந்தார். நடுவில் ஒரே ஓர் எழுத்து விட்டுப்போயிற்று. மானேஜர் ஆங்கிலப் பள்ளியில் படித்தவர். தமிழ் பேசுவார், படிக்கமாட்டார். பின்னால் தள்ளி நின்று பார்த்து, மிக நன்றாக இருக்கிறது என்றார்.

அன்றிலிருந்து எங்கள் பட்டறைச் சுவர், ஆளுயரச் சிவப்பு எழுத்தில், வருகிற போகிற வண்டிகளுக்கெல்லாம் கட்டளையிட்டது: 'ஒழுகு'.

"மாத்தச் சொல்லட்டுமா அண்ணே?" என்றேன்.

"இருக்கட்டும் டிப்ளோமா. ஆபீஸ் உத்தரவு" என்றார். முகத்தில் சிரிப்பே இல்லை.

புது வளையம் போட்ட பிறகுதான் முட்டுக்கட்டை வந்தது. வெட்டிக் கிடந்த ரப்பர் மரத்தில் ஒரு துண்டை அவரே அறுத்து, சிவப்பு அடித்து, புல்வெட்டிக்கு அடியில் வைத்தார். "இனிமே எதுக்கு மச்சான் கட்டை?" என்று மாப்பிள்ளை கேட்டார். "கட்டை இல்லடா. தலகாணி" என்று பதில் வந்தது. ஒவ்வொரு முறையும் அதைக் காலால் உதைத்து உறுதி பார்த்த பிறகே மாப்பிள்ளையை உள்ளே விடுவார்.

நான் அங்கே இருந்த கடைசி மாதங்களில் மாப்பிள்ளைக்கு ஒரு விளையாட்டு பிடித்துவிட்டது. கெப்பாலா முற்றத்தின் மறுகோடியில் கோப்பியை வாயில் வைக்கும் நேரம் பார்த்து, புல்வெட்டிக்கு அடியிலிருந்து குரல் கொடுப்பார்: "மச்சான், வேர்க்குது!"

வளையம் புதிது என்று கெப்பாலாவுக்குத் தெரியும். தலகாணி இருக்கிறது, அதை அவரே உதைத்துப் பார்த்திருக்கிறார். மாப்பிள்ளை நேற்றும் இதையே செய்தார் என்பதும் தெரியும்.

கோப்பிக் குவளையை அப்படியே போட்டுவிட்டு ஓடுவார்.